சித்தப்பாவின் ஆர்எக்ஸ் 100-ம் ஒரு ஜோடி முன் ஃபோர்க்கும்

ஒரு மாசமாக எங்கள் வீட்டில் ஃபோர்க் என்றால் நூடுல்ஸ் சாப்பிடும் முள்கரண்டி இல்லை. பால்கனியில் பழைய பேப்பர் விரித்து, அதன் மேல் எண்ணெய் வடிய வடிய இரண்டு இரும்புக் குழாய்கள் படுத்திருந்தன. தங்கமணி அந்தப் பக்கம் துணி காயப்போட வரும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை, குழாயை ஒரு பார்வை. இரண்டில் எதை முதலில் வெளியே வீசலாம் என்கிற யோசனை அந்தப் பார்வையில் தெரியும்.

விஷயம் இதுதான். கோவையில் இருக்கும் என் சித்தப்பா தன்னுடைய 1991 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ என் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். கவனிக்க, எனக்கு இல்லை, என் பெண்ணுக்கு. இருபது வருஷமாக அந்த வண்டி மேல் கண் வைத்திருந்தவன் நான். குர்லா எக்ஸ்பிரஸில் பார்சல் போட்டு, டேங்க்கில் சொட்டு பெட்ரோல் இல்லாமல், சாக்கு சுற்றி, புனே ஸ்டேஷனில் இறக்கி, டெம்போ பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தது மட்டும் நான். நிற்க.

இந்த வண்டி சாதா ஆர்எக்ஸ் இல்லை. சித்தப்பா இளவட்டமாக இருந்தபோது பொட்டல் மைதானங்களில் மண் ரேஸ் ஓட்டியது. முன் மட்கார்டை உயர்த்திக் கட்டி, பட்டன் டயர் போட்டு, ஹேண்டில்பாரை அகலப்படுத்தி வைத்திருந்தார். நம் ஊரில் டர்ட் பைக் என்று கடையில் போய் வாங்க முடியாத காலம் அது. ஆர்எக்ஸ், ஷோகன், யெஸ்டி என்று கிடைத்ததை வெட்டி ஒட்டித்தான் பயல்கள் மண்ணில் பறந்தார்கள். ஆர்எக்ஸ் 100 இங்கே 1985-ல் வந்து 1996-ல் நின்றது. 98 சிசி, 11 குதிரை சக்தி, எடை நூறு கிலோவை ஒட்டி. இன்ஜின் விஷயத்தில் அதற்குக் கோவில் கட்டலாம். ஆனால் முன் ஃபோர்க்? 30 மி.மீ. விட்டத்தில் இரண்டு ஒல்லிக் குழாய். ஆபீஸ் போய் வருவதற்குச் செய்தது. மேட்டில் ஏறித் தாவிக் குதிப்பதற்கு இல்லை.

என் பெண்ணுக்கு 19 வயசு, 54 கிலோ. சாஸ்வட் பக்கம் நண்பர் ஒருவரின் தரிசு நிலத்தில் ஞாயிறு காலையில் பழகிக்கொண்டிருந்தாள். முட்டியளவு மேடு ஒன்றில் ஏறி இறங்கியபோது முன்பக்கம் 'டணார்' என்று இரும்போடு இரும்பு மோதியது. ஹேண்டில் கையை விட்டு எகிறியது. ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். ஹெல்மெட், முட்டிக்காப்பு எல்லாம் இருந்ததால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அன்று ராத்திரி தங்கமணி தீர்ப்பு சொன்னாள்: "ஒண்ணு அதை ஒழுங்கா சரி பண்ணுங்க. இல்ல, கேக்கற விலைக்கு வித்துடுங்க." ஆர்எக்ஸ் 100-க்கு இன்றைக்கு மார்க்கெட்டில் என்ன விலை கேட்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். அதுதான் பயமே.

சரி பண்ணுவது என்றால் இரண்டு வழி. பெரிய வண்டியின் ஃபோர்க்கை அப்படியே கழற்றி இதில் மாட்டுவது ஒன்று. உள்ளதை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சமாசாரத்தை மேம்படுத்துவது இன்னொன்று.

எங்கள் பேட்டை மெக்கானிக் முதல் கட்சி. அவரை இங்கே எல்லோரும் காகா என்பார்கள். மராட்டியில் சித்தப்பா என்று அர்த்தம், பறவை இல்லை. (புனே வந்த புதிதில் ஒரு பெரியவரை 'காகா' என்று கூப்பிட எனக்கு நாக்கு வரவே இல்லை.) முன் ஃபோர்க்குக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ஷாக்அப். "எக்ஸ்பல்ஸ் ஷாக்அப் போட்டுடலாம் சாப்" என்றார். 2019-ல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ல் ஃபோர்க் 37 மி.மீ., ஏறி இறங்கும் தூரம் 190 மி.மீ. எங்கள் வண்டியில் டேப் வைத்து அளந்தால் 110 தேறும். குழாயின் சுவர் கனம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் 30-லிருந்து 37-க்குப் போகும்போது வளையாமல் நிற்கும் வலு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். கேட்கவே நாக்கில் எச்சில் ஊறுகிறது இல்லையா?

எனக்கும் ஊறியது. ஆனால் பொட்டி தட்டிப் பிழைக்கிறவனுக்கு எக்செல் ஷீட் போடாமல் எதுவும் ஓடாது. போட்டுப் பார்த்தேன். ஃபோர்க் நீளமானால் முன்பக்கம் தூக்கும். தூக்கினால் கழுத்துக் குழாய் பின்னால் சாயும், வண்டி நேராக ஓட ஆசைப்படும், திருப்பினால் முரண்டு பிடிக்கும். அதில் 21 அங்குலச் சக்கரத்தையும் மாட்டினால் இன்னும் தூக்கும். ஆக்சில் வேறு, பிரேக் வேறு, டி பிளேட் வேறு. கோன் செட் பொருந்த லேத்தில் தண்டை மாற்றிக் கடைய வேண்டும். எல்லாம் செய்து முடித்தால் முன்பக்கம் 2019, பின்பக்கம் 1991. பின் ஷாக் ஆட்டம் போட, முன்பக்கம் அசையாமல் நிற்கும். போதாக்குறைக்கு, பெரிய வண்டியின் ஸ்பிரிங் பெரிய வண்டியின் எடைக்குச் செய்தது. இந்த நோஞ்சானை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

இன்னொரு சிக்கல் காகிதத்தில். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாசத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்யவேண்டும். கோவையிலிருந்து என்ஓசி வாங்கி, இங்கே ஆர்டிஓ முன்னால் வண்டியை நிறுத்திக் காட்டவேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவு புதுப்பிப்பும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன அமைப்பை மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கேரள வழக்கு ஒன்றில் அதையே அழுத்திச் சொன்னது. ஆளுயரத்துக்கு வேறு வண்டி ஃபோர்க்கை மாட்டிக்கொண்டு ஆர்டிஓ வாசலில் நிற்க எனக்குத் தெம்பில்லை.

அப்புறம், பழைய டர்ட் பைக் பிரியர்கள் உலகம் முழுக்க இதில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பழைய வண்டிகளுக்கென்று தனியாக மோட்டோகிராஸ் நடத்தும் அமைப்பு, விண்டேஜ் பிரிவுக்கு முன்னால் 7 அங்குலம், பின்னால் 4 அங்குலம் என்று ஆட்டத்துக்கு எல்லை வைத்திருக்கிறது. காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. 1973-ல் ஹாகன் ஆண்டர்சன் பின்னால் ஒற்றை ஷாக் வைத்த யமஹாவில் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். அந்த ஒற்றை ஷாக் யோசனை பெல்ஜியத்துக்காரர் லூசியன் டில்கென்ஸுடையது. அதன் பிறகு நாலைந்து வருஷத்தில் எல்லா கம்பெனியும் ஆட்டத்தின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போக, அதற்கு முந்தைய வண்டிகள் ஒரே இரவில் கிழவர்களாயின. அதனால்தான் எல்லை. அந்த எல்லைக்குள் நின்று, வெளித்தோற்றம் மாறாமல், குழாய்க்குள்ளே என்ன வித்தை வேண்டுமானாலும் காட்டு என்பது அந்த விளையாட்டின் ருசி. எனக்கு அது பிடித்திருந்தது.

போனில் சித்தப்பாவைக் கேட்டேன். "சித்தப்பா, வேற வண்டி ஃபோர்க் மாட்டலாமுங்களா?"

"மாட்டிக்கோ. அப்பறம் எதுக்குடா அதை ஆர்எக்ஸ்னு சொல்லோணும்? அந்த எக்ஸ்பல்ஸையே வாங்கிக் குடுத்துட்டுப் போ."

முடிந்தது பஞ்சாயத்து.

இனி பிரித்த கதை. சக்கரம், மட்கார்டு கழற்றி, மேல் போல்ட்டைக் குழாய் வண்டியில் பிடிப்பாக இருக்கும்போதே தளர்த்திக்கொள்ள வேண்டும். பிறகு முழுசாகக் கழற்றும்போது முகத்தை அந்தப் பக்கம் காட்டக்கூடாது, ஸ்பிரிங் மூடியைத் தள்ளும். எண்ணெயைக் கவிழ்த்தால், ஒரு காலில் பாதிதான் இருந்தது. அதுவும் கருப்பட்டிப் பாகு நிறத்தில். சீல் வழியாகக் கசிந்து போயிருக்கிறது. அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டைத் திருகினால் உள்ளே டேம்பர் ராடும் கூடவே சுற்றும். அதை மேலிருந்து நீளக் கம்பி விட்டுப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். பெண்தான் பிடித்தாள். குழாயைக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பார்த்தோம். வளைவு இல்லை. குரோம் மட்டும் சீல் உரசும் இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிந்திருந்தது. இதோடு புது சீல் போட்டால் ஒரே மாசத்தில் அதையும் கிழிக்கும். போசரியில் ஒரு பட்டறையில் ஹார்ட் குரோம் போட்டு, சாணை பிடித்து, பழைய அளவுக்கே கொண்டு வந்தோம். மொத்தச் செலவில் பெரிய பங்கு இதற்குத்தான். பளபளப்புக்காக இல்லை, இதைச் செய்யாமல் மற்றதைச் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

அடுத்தது எண்ணெய். ஃபோர்க் மெத்தென்று இருந்தால் கெட்டி எண்ணெய் ஊற்று என்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் வேதவாக்கு. 20 டபிள்யூ 40 இன்ஜின் ஆயிலையே ஊற்றுகிறவர்களும் உண்டு. இந்தப் பழைய வகை ஃபோர்க்கில் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போகிறது. துளை வழியாகப் போகும்போது, வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்காகும். அதனால் மெதுவாக அமுங்கும்போது, அதாவது பிரேக் பிடிக்கையில், எதிர்ப்பே இல்லாமல் முன்பக்கம் தலைகுப்புறக் கவிழும். கல்லில் மோதி வேகமாக அமுங்கும்போது எண்ணெய் போக வழியில்லாமல் குழாய் கட்டை மாதிரி நிற்கும், அடி மணிக்கட்டுக்குப் போகும். கெட்டி எண்ணெய் முதல் நோயைக் கொஞ்சம் குறைத்து இரண்டாவதை வளர்க்கும். இதற்கு மருந்தாக எமுலேட்டர் என்று ஒரு வால்வு வெளிநாட்டில் கிடைக்கிறது. டேம்பர் ராட் தலையில் உட்காரும். ராடின் துளைகளைப் பெரிதாக்கிவிட்டு, எதிர்ப்பு வேலையை அந்த வால்வு பார்த்துக்கொள்ளும். அழுத்தம் அதிகமானால் வால்வு திறந்து வழிவிடும். அருமையான யோசனை. ஆனால் வரவழைக்கும் கூலி, சுங்கம் எல்லாம் சேர்த்தால் தங்கமணியிடம் சொல்லக்கூடிய தொகை இல்லை.

ஏழைக்கேற்ற எள்ளுருண்டை ஒன்று இருக்கிறது. டேம்பர் ராடில் கீழே இருக்கும் துளைகள் அமுங்குவதைக் கட்டுப்படுத்துகின்றன, மேலே இருக்கும் சின்னத் துளை திரும்பி எழுவதைக் கட்டுப்படுத்துகிறது. எண்ணெய் ஒன்றுதான், துளைகள் வேறு. ஆகவே கீழ்த் துளையை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி, எண்ணெயை ஒரு படி கெட்டியாக்கினால், கல்லில் அடிபடுவது குறையும், அதே சமயம் ஸ்பிரிங் குதிரை மாதிரி எகிறி எழுவதும் அடங்கும். கொஞ்சம் என்றால் அரை மில்லிமீட்டர். சொற்பம் மாதிரி தெரியும், ஆனால் 5 மி.மீ. துளை 5.5 ஆனால் பரப்பு 21 சதவீதம் கூடுகிறது. சித்தப்பாவின் ராடில் டிரில் வைக்க மனசில்லை. நானா பேட் கடைகளில் அலைந்து பழைய ஜோடி ராட் ஒன்று பிடித்து அதில் துளைத்தோம். ஒரிஜினல் இரண்டும் எண்ணெய் தடவி, தினசரிப் பேப்பரில் சுற்றி லாஃப்டில் இருக்கின்றன. 10 டபிள்யூ எண்ணெய்க்குப் பதில் 15 டபிள்யூ.

எண்ணெயின் உயரமும் முக்கியம். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, குழாயை முழுக்க அமுக்கி வைத்து, மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை அளக்கவேண்டும். அந்த இடைவெளியில் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். கடைசிப் பகுதியில் மட்டும் பலம் காட்டும் ஸ்பிரிங். நாங்கள் மட்டத்தை 15 மி.மீ. உயர்த்தினோம். 'டணார்' சத்தத்துக்கு நேரடி வைத்தியம் இது. பத்து மில்லிமீட்டர் வித்தியாசத்தைக்கூட கை உணரும்.

இப்போது ஸ்பிரிங். வீட்டில் உண்மையான சண்டை இங்கேதான் வந்தது.

ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை மேலே வைத்து அழுத்தினால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வண்டியைக் கொஞ்சம் உயர்த்துமே தவிர ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காது. கெட்டியாக்க புது ஸ்பிரிங் வாங்கவேண்டும், இல்லையென்றால் இருப்பதை வெட்டவேண்டும். ஆமாம், வெட்டினால் கெட்டியாகும். சுற்று குறையக் குறைய ஒவ்வொரு சுற்றும் அதிகம் வேலை செய்யவேண்டும். எங்கள் ஸ்பிரிங்கில் 60 சுற்று. 12 வெட்டினால் 48, ஆக 60-ஐ 48-ஆல் வகுத்தால் 25 சதவீதம் கெட்டி. வெட்டிய நீளத்துக்குப் பிவிசி குழாய்த் துண்டு, நடுவில் ஒரு வாஷர். மிச்சமிருக்கும் சுற்றுகளுக்கு நடுவே ஃபோர்க் முழுசாக அமுங்கும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று கூட்டிப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் சுற்றோடு சுற்று முட்டி நிற்கும்.

எத்தனை சுற்று வெட்டுவது? அது யார் ஓட்டப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. என் எடை 86 கிலோ. ஆள் உட்கார்ந்தால் ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தோம். ஒரு முறை அமுக்கி விட்டு, ஒரு முறை தூக்கி விட்டு, இரண்டின் சராசரி. பழைய ஸ்பிரிங்கில் அவளுக்கு 46 மி.மீ., எனக்கு 60. மொத்த ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் உத்தமம், அதாவது 36, 37. அவளுக்கு அது 12 சுற்றில் வரும். எனக்கு வரவேண்டுமென்றால் 23 சுற்றாவது வெட்டவேண்டும். அவளுக்கு வெட்டினால் நான் ஏறும்போது மூக்கு குத்தும். எனக்கு வெட்டினால் அவள் கையில் வண்டி கல் மாதிரி இருக்கும், பாதி ஆட்டம்கூடப் பயன்படாது.

நடுவில் பிரித்து வெட்டலாமே என்றேன். இரண்டு பேருக்கும் பொது.

"அப்பா, அப்படிப் பண்ணா ரெண்டு பேருக்குமே அது தப்பு அளவு" என்றாள்.

கணக்குப்படி அவள் சொன்னது சரி. ஆனாலும் ரம்பத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆபீஸில் ஆணி அதிகம் என்று சாக்குச் சொன்னேன். பதினைந்து வயசில் சித்தப்பா என்னை டேங்க் மேல் உட்காரவைத்துக் கூட்டிப்போன வண்டி. இந்த ரம்பம் அதை எனக்குப் பொருந்தாத வண்டியாக ஆக்கிவிடும், அவ்வளவுதானே என்று சொல்லிக்கொண்டாலும் கை நகரவில்லை. வெட்டின சுற்றை ஒட்ட முடியாது.

மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே தங்கமணிதான் கேட்டாள். "விழுந்தது யாரு?" அவ்வளவுதான். அடுத்த நாள் காலை ஆங்கிள் கிரைண்டரை நான் பிடிக்க, ஸ்பிரிங்கை அவள் பிடிக்க, 12 சுற்று வெட்டி, முனையைச் சூடாக்கித் தட்டி, தட்டையாகச் சாணை பிடித்தோம்.

மாட்டி அளந்தால் அவளுக்கு 36. எனக்கு 48. சாஸ்வட்டில் அதே மேடு. குழாயில் ஒரு கேபிள் டை கட்டி, எவ்வளவு தூரம் அமுங்குகிறது என்று பார்த்தோம். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு நான் சொல்லாமலே இன்னும் வேகமாக. ஆறாவது தாவலில் கேபிள் டை அடியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நின்றது. சத்தம் இல்லை. தங்கமணி காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மட்டும் இறங்கியிருந்தது.

நானும் ஒரு சுற்று ஓட்டினேன். பிரேக் பிடித்தால் முன்பக்கம் கும்பிடு போடுகிறது. மேட்டுப்பக்கம் போகவில்லை.

சித்தப்பாவுக்கு வீடியோ அனுப்பினோம். திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார் போல, அரை மணி நேரம் கழித்துத்தான் போன் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "பாப்பாகிட்ட குடு" என்றார். "கண்ணு, முன்னாடி நல்லா இருக்குது. எறங்கறப்ப பின்னாடி ரெண்டு தடவ துள்ளுது பாத்தியா? அது பின் ஷாக். அதையும் பிரிக்கோணும்."

குழாய்கள் போன இடத்தில் இப்போது பால்கனியில் பின் ஷாக் இரண்டும் படுத்திருக்கின்றன. அதைப் பற்றி, தங்கமணி அனுமதித்தால், அடுத்த பதிவில்.